மூலிகை மருந்துகளில் பீனாலிக் அளவும் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலிகைப் பொடி, சாறு, மாத்திரை, லேகியம் எதுவானாலும் அதில் மொத்த பீனாலிக் அளவு (பீனால் வகைப் பொருள்களின் அளவு) எடுப்பவர்களும் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை அளக்கும் டிபிபிஎச், ஏபிடிஎஸ், ஃப்ராப் சோதனைகள் செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நல்ல தராசு, மைக்ரோபிப்பெட், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் இங்கே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

மொத்த பீனாலிக் அளவு என்கிறார்களே, அது உண்மையில் எதை அளக்கிறது?

பெயரை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம். இந்த அளவை எடுக்கப் பயன்படும் ஃபோலின்–சியோகல்டு கரைசலுக்கு பீனாலை அடையாளம் கண்டுபிடிக்கத் தெரியாது. எலக்ட்ரான் கொடுக்கும் எந்தப் பொருளைக் கண்டாலும் அது நீலமாகும். ஃபோலினும் சியோகல்டும் 1927-ல் இதை வெளியிட்டபோது அவர்கள் அளக்க நினைத்தது புரதத்தில் உள்ள டைரோசின், டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலங்களைத்தான். 1965-ல் சிங்கிள்டனும் ரோஸியும் இதைத் திராட்சை மதுவின் பீனாலிக் அளவுக்கு ஏற்றபடி சீர்செய்தார்கள். இன்று மூலிகை ஆய்வகங்களில் ஓடுவது அந்த வழியின் கிளைகள்தான்.

கரைசலில் இருப்பது மாலிப்டினமும் டங்ஸ்டனும் பாஸ்பேட்டோடு சேர்ந்த மஞ்சள் நிறக் கூட்டுப்பொருள். எலக்ட்ரானை வாங்கியதும் அது நீலமாகிறது. பிஎச் 10 அளவுக்குக் காரத்தன்மை இருந்தால்தான் பீனால்கள் எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும். சோடியம் கார்பனேட் சேர்ப்பது அதற்காகவே. அஸ்கார்பிக் அமிலம், குளுகோஸ், ஃபிரக்டோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரைகள், புரதம், இரும்பு (2) உப்புகள், கந்தகப் புகை போட்டு உலர்த்திய மூலிகையில் தங்கும் சல்ஃபைட் ஆகியவையும் நீலத்தைக் கூட்டும்.

ஒப்பீட்டுக்கு வைப்பது காலிக் அமிலம் என்ற தூய பீனால் வகைப் பொருள். ஆகவே ஒரு கிராமுக்கு 35 மி.கி. காலிக் அமிலச் சமானம் என்றால், 35 மி.கி. காலிக் அமிலம் கொடுக்கும் நீலத்தை அந்தப் பொடி கொடுத்தது என்று மட்டுமே பொருள். உள்ளே 35 மி.கி. பீனால் இருக்கிறது என்று படிக்கக் கூடாது.

மாதிரியை எப்படித் தயார்செய்வது?

பச்சை இலையை அப்படியே தண்ணீரில் அரைத்தால் சில நிமிடங்களில் பழுப்பாகிவிடும். இலையிலுள்ள பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி, அளக்க வேண்டிய பொருளை நம் கண்ணெதிரே அழிப்பதன் அடையாளம் அது. பச்சையாகவே வேண்டுமென்றால் திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைக்கலாம். இல்லையேல் நேராகக் குளிர்ந்த மெத்தனாலில் போட்டு அரைக்க வேண்டும். காயவைப்பதானால் நிழலிலோ 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத காற்றோட்டமான அடுப்பிலோ காயவையுங்கள்.

உலர்ந்ததை அரைத்து 0.5 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் தங்கிய நாரைத் தூக்கிப் போடாதீர்கள். திரும்ப அரைத்து முழுவதையும் சலிக்க வேண்டும். நாரில் பீனாலிக் அளவு குறைவாக இருந்தால், அதை விட்டுவிட்டு எடுத்த மாதிரி உண்மையைவிட உயர்ந்த எண்ணையே காட்டும். அதே பொடியில் தனியாக ஒரு பங்கு எடுத்து 105 டிகிரியில் எடை நிலைக்கும்வரை வைத்து ஈரப்பதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் அது தேவைப்படும்.

மாத்திரையானால் குறைந்தது 20 மாத்திரைகளை எடைபோட்டுப் பொடித்து, சராசரி எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். மருந்து சேராத துணைப்பொருள் கலவை கிடைத்தால் அதையும் கூடவே ஓட்டுங்கள்.

எந்தக் கரைப்பானில் பிரிப்பது?

70 சதவீத மெத்தனால் பொதுவாக நல்ல தொடக்கம். 50 முதல் 80 சதவீத எத்தனாலும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். டானின் (துவர்ப்பு தரும் பெரிய பீனால் வகை) மிகுந்த பட்டை, காய்த்தோல் போன்றவற்றுக்கு 70 சதவீத அசிட்டோன் அதிகம் இழுக்கும். தூய மெத்தனாலையோ தூய எத்தனாலையோ மட்டும் பயன்படுத்துவது பலரும் செய்யும் தவறு: உலர்ந்த திசு தண்ணீரில் ஊறி விரிந்தால்தான் உள்ளிருப்பது வெளியே வரும்.

தேயிலைக்கான ஐஎஸ்ஓ 14502-1 (2005) முறை மூலிகைப் பொடிக்கும் நன்றாகப் பொருந்துகிறது. 0.200 கிராம் பொடி; 70 டிகிரிக்குச் சூடாக்கிய 70 சதவீத மெத்தனால் 5 மி.லி.; அதே சூட்டில் 10 நிமிடம், இடையிடையே கலக்க வேண்டும்; ஆறியபின் சென்ட்ரிஃபியூஜில் 10 நிமிடம். தெளிவை எடுத்து, படிவில் இன்னொரு 5 மி.லி. ஊற்றித் திரும்பச் செய்து, இரண்டையும் சேர்த்து 10 மி.லி. ஆக்குங்கள். பொடி புதியதானால் மூன்றாவது தடவையும் பிரித்து அதைத் தனியாக அளந்து பாருங்கள். முதல் இரண்டின் கூட்டுத்தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் வந்தால் இரண்டு தடவை போதவில்லை.

மருந்தைக் கஷாயமாகத்தான் குடிக்கப்போகிறார்கள் என்றால் தண்ணீரிலேயே பிரித்து அளப்பது நியாயம். மெத்தனால் எண்ணை வைத்துக் கஷாயத்தைப் பற்றிப் பேச முடியாது.

வடிகட்டும் சவ்விலும் கவனம் வேண்டும். நைலான் சவ்வு பாலிஃபீனால்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) அல்லது மறுஉருவாக்கிய செல்லுலோஸ் சவ்வைப் பயன்படுத்தி, முதல் 1 மி.லி. வடிநீரைக் கொட்டிவிடுங்கள்.

ஃபோலின்–சியோகல்டு சோதனையின் படிகள் என்ன?

முதலில் காலிக் அமிலக் கரைசல். நீரற்ற காலிக் அமிலம் 100 மி.கி. எடுத்து 100 மி.லி. நீரில் கரையுங்கள், மி.லி.க்கு 1,000 மைக்ரோகிராம். இதில் 1, 2, 3, 4, 5 மி.லி. எடுத்து ஒவ்வொன்றையும் 100 மி.லி.க்கு நிரப்பினால் 10 முதல் 50 மைக்ரோகிராம் வரை ஐந்து புள்ளிகள் கிடைக்கும். இவற்றின் ஒளி உறிஞ்சலைச் செறிவுக்கு எதிரே வரைந்தால் வரும் நேர்கோடுதான் காலிக் அமிலக் கோடு. நீர்த்தவற்றை அன்றன்றைக்கே செய்ய வேண்டும்.

சோதனைக் குழாயில் நீர்த்த சாறு (அல்லது காலிக் அமிலம், அல்லது மாதிரி இல்லாத ஒப்பீட்டுக் குழாயான பிளாங்குக்கு நீர்) 1.0 மி.லி. பத்து மடங்கு நீர்த்த ஃபோலின்–சியோகல்டு கரைசல் 5.0 மி.லி. சேர்த்துக் கலக்குங்கள். 3 முதல் 8 நிமிடத்துக்குள் 7.5 சதவீத சோடியம் கார்பனேட் கரைசல் 4.0 மி.லி. ஊற்றி உடனே நன்றாகக் கலக்குங்கள். அறை வெப்பநிலையில் 60 நிமிடம் வைத்து 765 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். இது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஓரம், ஆகவே சாதாரணக் கண்ணாடி குவெட்டே (கரைசலை ஊற்றிப் படிக்கும் சிறு குப்பி) போதும், குவார்ட்ஸ் வேண்டியதில்லை.

குழாய்கள் அதிகமானால் கார்பனேட்டை 30 வினாடிக்கு ஒரு குழாய் என்ற கணக்கில் ஊற்றி, அதே வரிசையில் அதே இடைவெளியில் படியுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் நிறம் மெதுவாக நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

கார்பனேட்டை முதலில் ஊற்றினால் என்ன ஆகும்?

ஃபோலின்–சியோகல்டு கரைசல் அமிலத்தில்தான் நிலைத்து நிற்கும். காரத்தில் தானாகவே சிதையும். கார்பனேட் முன்னதாக இருந்தால் பீனாலைச் சந்திக்கும் முன்பே அதில் ஒரு பங்கு வீணாகி, நீலம் குறைந்து, குழாய்க்குக் குழாய் மாறும். கார்பனேட் ஊற்றியதும் கலக்காமல் நின்றாலும் இதே கதைதான்: அடியில் காரம், மேலே அமிலம் என்று இரண்டு அடுக்காக நிற்கும். வரிசை எப்போதும் சாறு, ஃபோலின், கார்பனேட்.

புட்டியிலுள்ள ஃபோலின் கரைசல் பச்சையாகிவிட்டது. பயன்படுத்தலாமா?

கூடாது. நல்ல கரைசல் தெளிந்த மஞ்சளாக இருக்கும். பச்சை என்றால் தூசியோ வேறு கரிமப் பொருளோ உள்ளே விழுந்து, ஒரு பகுதி ஏற்கெனவே ஒடுங்கி நீலமாகிவிட்டது. மஞ்சளும் நீலமும் சேர்ந்துதான் பச்சை. புகைபோக்கி அறையில் ஒரு சொட்டு புரோமின் விட்டுக் கொதிக்கவைத்து மீட்கும் பழைய வழி உண்டு. ஆனால் புரோமினைக் கையாளும் தொல்லைக்குப் புதுப் புட்டியைத் திறப்பதே மேல். புட்டிக்குள் பிப்பெட்டை விடாமல், வேண்டியதைப் பீக்கரில் ஊற்றி எடுத்தால் இந்தப் பிரச்சினையே பெரும்பாலும் வராது.

நீலக் கரைசல் கலங்கி, வெள்ளைப் படிவு வருகிறதே?

மூன்று காரணங்கள் வழக்கம். சாற்றில் ஆல்கஹால் அதிகமாக இருந்து கார்பனேட் வெளியே விழுவது; இதற்குச் சாற்றை முதலில் நீரில் பத்து மடங்காவது நீர்த்துவிட வேண்டும். பொட்டாசியம் உப்பு கலந்திருப்பது. ஃபோலின் கரைசலோடு பொட்டாசியம் படிவு கொடுக்கும், ஆகவே சோடியம் கார்பனேட்டுக்குப் பதிலாகப் பொட்டாசியம் கார்பனேட் எடுக்காதீர்கள், பொட்டாசியம் பஃபரில் பிரித்த சாற்றையும் நேராக ஊற்றாதீர்கள். மூன்றாவது, பிசினும் மாவும் மிகுந்த சாறு.

படிவு இருக்கும் குழாயைப் படித்தால் ஒளி சிதறி எண் கூடும். 765-ல் படித்த அதே குழாயை 900 நானோமீட்டர் பக்கம் படித்துச் சரிசெய்துவிடலாம் என்று முயலாதீர்கள். நீலம் அங்கும் பரந்து உறிஞ்சுகிறது. சென்ட்ரிஃபியூஜ் செய்துவிட்டுப் படிப்பதே வழி.

கணக்கை ஒரு எடுத்துக்காட்டோடு காட்ட முடியுமா?

பொடி 0.500 கிராம், ஈரப்பதம் 8.0 சதவீதம். சாறு மொத்தம் 25 மி.லி. அதை 20 மடங்கு நீர்த்து 1.0 மி.லி. எடுத்தோம். உறிஞ்சல் 0.440. காலிக் அமிலக் கோட்டின் சாய்வு 0.0124, வெட்டு 0.006.

0.440-லிருந்து 0.006 கழித்தால் 0.434. அதை 0.0124-ஆல் வகுத்தால் நீர்த்த சாற்றில் மி.லி.க்கு 35.0 மைக்ரோகிராம். 20-ஆல் பெருக்க மூலச் சாற்றில் 700. 25 மி.லி.க்கு 17,500 மைக்ரோகிராம், அதாவது 17.5 மி.கி. இதை 0.500 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 35.0 மி.கி. காலிக் அமிலச் சமானம். ஈரத்தைக் கழித்த 0.460 கிராமால் வகுத்தால் 38.0.

இப்போது ஒரு சிக்கலைப் பாருங்கள். அதே பொடியிலிருந்து 18 சதவீதம் உலர்சாறு கிடைத்தது என்று வைத்துக்கொண்டு, கிராம் சாற்றுக்கு என்று எழுதினால் 35.0-ஐ 0.18-ஆல் வகுக்க 194 வரும். ஒரே மூலிகை, ஒரே குவெட். 35, 38, 194 என்று மூன்று எண்கள். மூன்றும் சரிதான். எந்தக் கிராம் என்று எழுதாத அறிக்கையை வேறொன்றோடு ஒப்பிட முடியாது. வெளியான எண்களிடையே காணும் மலைக்கவைக்கும் வேறுபாடுகளில் கணிசமான பங்கு இப்படி வந்ததே.

எங்கள் எண்கள் எப்போதும் 10 சதவீதம் பக்கம் தள்ளியே வருகின்றன.

காலிக் அமிலப் புட்டியின் லேபிளைப் பாருங்கள். நீரற்றதன் மூலக்கூற்று எடை 170.12; ஒற்றை நீர் சேர்ந்ததன் எடை 188.13. நீர் சேர்ந்ததை நீரற்றது என்று எண்ணி 100 மி.கி. நிறுத்தால் உண்மையில் எடுத்தது 90.4 மி.கி. கோட்டின் சாய்வு குறைந்து, மாதிரிகளின் எண் எல்லாம் ஏறக்குறைய 10.6 சதவீதம் கூடிவிடும். நீர் சேர்ந்தது மட்டுமே கையில் இருந்தால் 110.6 மி.கி. நிறுங்கள், கணக்கு நேராகிவிடும்.

வைட்டமின் சி மிகுந்த காய், வெல்லம் சேர்ந்த லேகியம் ஆகியவற்றுக்கு என்ன செய்வது?

இவற்றுக்குத் திருத்தமில்லாத எண்ணை வெளியிடாமல் இருப்பது நல்லது.

முதலில் ஒரு சின்னச் சோதனை. வழக்கம்போல் சாறும் ஃபோலினும் கலந்து, கார்பனேட்டுக்குப் பதில் நீர் ஊற்றுங்கள். அமில நிலையில் பீனால்கள் பெரும்பாலும் சும்மா இருக்கும், அஸ்கார்பிக் அமிலம் சும்மா இருக்காது. கார்பனேட் இல்லாமலே குழாய் நீலமானால் தலையீடு இருக்கிறது என்று பொருள்.

அஸ்கார்பிக் அமிலத்தை (வைட்டமின் சி) எச்பிஎல்சி என்ற, பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவியில் தனியாக அளந்து, அது ஃபோலினில் எவ்வளவு நீலம் தருகிறது என்பதற்குத் தனிக் கோடு போட்டுக் கழிக்கலாம். சர்க்கரைக்குத் திடநிலைப் பிரிப்பு நல்ல வழி: நீர் விரும்பாத பொருள்களைப் பிடிக்கும் 500 மி.கி. சி18 குழலை 5 மி.லி. மெத்தனாலிலும் 5 மி.லி. 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் நனைத்து, அமிலமாக்கிய நீர்ச்சாற்றை மெதுவாக விட்டு, 10 மி.லி. அதே அமில நீரால் கழுவி, மெத்தனாலில் இறக்க வேண்டும். சர்க்கரையும் வைட்டமின் சி-யும் கழுவு நீரோடு போய்விடும். ஆனால் காலிக் அமிலம் போன்ற சின்ன, நீர் விரும்பும் பீனால்களையும் சி18 சரியாகப் பிடிப்பதில்லை, அவையும் சேர்ந்து ஓடும். தெரிந்த அளவு காலிக் அமிலத்தைச் சேர்த்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்காமல் இந்த வழியை நம்பாதீர்கள்.

சர்க்கரை உள்ள மாதிரியை 40, 50 டிகிரியில் சூடாக்கி நேரத்தைக் குறைக்கும் வேகமுறைகளைத் தவிருங்கள். சூடு கூடக் கூட சர்க்கரையின் பங்கும் கூடும்.

டானினை மட்டும் தனியாக எடுக்க முடியுமா?

முடியும். 100 மி.கி. பிவிபிபி என்ற கரையாத பாலிமரில் 1.0 மி.லி. நீரும் 1.0 மி.லி. சாறும் ஊற்றிக் கலக்கி, 4 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, 3,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றுங்கள். டானின் பிவிபிபி-யில் ஒட்டிக்கொண்டு அடியில் போகும். மேல்நீரில் ஃபோலின் சோதனை செய்து, மொத்தத்திலிருந்து கழித்தால் மீதி டானின். சாறு இரண்டு மடங்கு நீர்த்துவிட்டதைக் கணக்கில் மறக்கக் கூடாது. இந்தக் கழித்தலில் ஒரு வசதி: சர்க்கரையும் வைட்டமின் சி-யும் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் தாமாகவே நீங்கிவிடும்.

ஃப்ளேவனாய்டு அளவு மொத்த பீனாலிக் அளவைவிட அதிகமாக வந்தது. எங்கே தவறு?

தவறு இல்லாமலும் வரலாம். ஃப்ளேவனாய்டுகள் பீனாலிக் குடும்பத்தின் ஒரு பகுதிதான். ஆனால் ஒன்று குவர்செடின் என்ற ஃப்ளேவனாய்டின் சமானம், மற்றது காலிக் அமிலச் சமானம். வேறுவேறு அளவுகோலில் எடுத்த எண்களைக் கழிக்கவோ ஒப்பிடவோ முடியாது.

அலுமினியம் குளோரைடு முறை என்ற ஒரே பெயரில் இரண்டு முறைகள் உலவுவதும் குழப்பத்துக்குக் காரணம். பொட்டாசியம் அசிட்டேட்டோடு செய்து 415 நானோமீட்டரில் படிப்பது ஃப்ளேவோன்களையும் ஃப்ளேவோனால்களையும்தான் காட்டும்; கேட்டிசின்கள் அதில் தெரியா. சோடியம் நைட்ரைட், அலுமினியம் குளோரைடு, சோடியம் ஹைட்ராக்சைடு என்று சேர்த்து 510-ல் படிப்பது கேட்டிசின், ரூட்டின் இவற்றோடு, ஃப்ளேவனாய்டே அல்லாத காஃபிக் அமிலத்தையும் சேர்த்து எண்ணிவிடும். எந்த முறை என்று எழுதுங்கள். முடிந்தால் முதலாவதையே வைத்துக்கொள்ளுங்கள்.

டிபிபிஎச் சோதனையை எப்படிச் செய்வது?

டிபிபிஎச் என்பது புட்டியில் அடைத்து வைக்கக்கூடிய அளவுக்கு நிலையான ஃப்ரீ ராடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட பொருள்). ஊதா நிறம், ஹைட்ரஜனோ எலக்ட்ரானோ கிடைத்தால் வெளிறி மஞ்சளாகும். 1958-ல் பிளாய்ஸ் இதை ஆன்டிஆக்ஸிடன்ட் அளக்கப் பயன்படுத்தினார்.

3.94 மி.கி. டிபிபிஎச்-ஐ 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார். அல்ட்ராசோனிக் தொட்டியில் சில நிமிடம் வைத்து முழுதாகக் கரையுங்கள். அலுமினியத் தாள் சுற்றி அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். சாறு 1 மி.லி., டிபிபிஎச் 3 மி.லி. கலந்து, இருட்டில் 30 நிமிடம் வைத்து, 517 நானோமீட்டரில் படிக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் குழாயில் சாற்றுக்குப் பதில் மெத்தனால், அது 0.8 முதல் 0.95 வரை இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் டிபிபிஎச் பழையது, அல்லது முழுதாகக் கரையவில்லை.

சாறு நீரில் இருந்தால் கவனம். கலவையில் நீர் பாதியைத் தாண்டினால் டிபிபிஎச் திரளத் தொடங்கி நிறம் மாறும். அதை ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எண்ணிவிடுவோம்.

30 நிமிடம் என்பது ஒரு வழக்கமே தவிர, வினை முடியும் நேரம் அல்ல. அஸ்கார்பிக் அமிலம் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். பெரிய டானின்களும் பிஎச்டி (BHT) போன்ற செயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட்களும் மணிக்கணக்கில் இழுக்கும். புதிய மூலிகையானால் முதல் தடவை 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்து, கோடு எங்கே படுக்கிறது என்று பார்த்துவிட்டு நேரத்தை முடிவுசெய்யுங்கள்.

சாறே பச்சையாக, சிவப்பாக இருக்கிறதே, படிப்பு சரியாக வருமா?

வராது, அதனால்தான் மாதிரி பிளாங்க் வேண்டும்: சாறு 1 மி.லி., டிபிபிஎச் இல்லாத மெத்தனால் 3 மி.லி. கட்டுப்பாடு 0.900, மாதிரி 0.486, மாதிரி பிளாங்க் 0.036 என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் மீந்த டிபிபிஎச் 0.450, தடுப்பு 50 சதவீதம். பிளாங்கைக் கழிக்காவிட்டால் 46 சதவீதம் என்று வரும். செம்பருத்தி போல ஆந்தோசயனின் மிகுந்த சிவப்புச் சாறுகள் 517-க்கு மிக அருகிலேயே உறிஞ்சுவதால் பிழை இன்னும் பெரியதாக இருக்கும். ஒவ்வொரு செறிவுக்கும் தனித்தனி பிளாங்க் போட வேண்டும்.

ஐசி50 (50 சதவீதத் தடுப்பு தரும் செறிவு) கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறு எது?

செறிவை எங்கே எண்ணினோம் என்பதுதான். பாதித் தடுப்பு தந்த, பிப்பெட்டில் எடுத்த சாறு மி.லி.க்கு 60 மைக்ரோகிராம் என்றால், 3 மி.லி. டிபிபிஎச் சேர்ந்தபின் குழாயில் இருப்பது 15. சிலர் 60 என்று எழுதுகிறார்கள், சிலர் 15 என்று.

இது எழுத்துப் பிழை அளவில் நிற்காது. டிபிபிஎச்-ன் இறுதிச் செறிவை ஐசி50-ஆல் வகுத்து வரும் ஆன்டிஆக்ஸிடன்ட் குறியீட்டெண் ஒன்று புழக்கத்தில் உள்ளது: 0.5-க்குக் கீழே பலவீனம், 0.5 முதல் 1 வரை நடுத்தரம், 1 முதல் 2 வரை வலிமை, 2-க்கு மேல் மிக வலிமை. மேலே சொன்ன குழாயில் டிபிபிஎச் மி.லி.க்கு 29.6 மைக்ரோகிராம். 15-ஆல் வகுத்தால் 1.97, வலிமை. 60-ஆல் வகுத்தால் 0.49, பலவீனம். குவெட்டில் எதுவும் மாறவில்லை. இறுதிச் செறிவையே எழுதுங்கள்.

ஐசி50 எடுக்கக் குறைந்தது ஐந்து செறிவுகள், அவற்றில் குறைந்தது மூன்று 20 முதல் 80 சதவீதத் தடுப்புக்குள் விழ வேண்டும். 90 சதவீதத்தில் படுத்துவிட்ட புள்ளிகளையும் சேர்த்து நேர்கோடு போட்டால் சாய்வு கெடும். டிபிபிஎச் செறிவை மாற்றினாலே ஐசி50 மாறும் என்பதால், கூடவே ட்ரோலாக்ஸை (வைட்டமின் ஈ-யை ஒத்த ஒப்பீட்டுப் பொருள்) ஓட்டி அதன் சமானமாகவும் கொடுத்தால் மற்ற ஆய்வகங்கள் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

ஏபிடிஎஸ் கரைசல் ஏன் முந்தின நாளே செய்ய வேண்டும்?

இங்கே ஃப்ரீ ராடிக்கலை நாமே உண்டாக்குகிறோம். 38.4 மி.கி. ஏபிடிஎஸ் டைஅமோனியம் உப்பும் 6.62 மி.கி. பொட்டாசியம் பெர்சல்ஃபேட்டும் சேர்ந்து 10 மி.லி. நீரில் கரைந்தால் முறையே 7 மில்லிமோலாரும் 2.45 மில்லிமோலாரும் ஆகும். 6.62 மி.கி.யைச் சரியாக நிறுப்பது கடினம், 140 மில்லிமோலார் பெர்சல்ஃபேட் கரைசல் செய்து (378 மி.கி., 10 மி.லி.யில்), 5 மி.லி. ஏபிடிஎஸ் கரைசலுக்கு 88 மைக்ரோலிட்டர் விடுவது எளிது. இருட்டில் 12 முதல் 16 மணி நேரம் வைத்தால் கரும் நீலப்பச்சை வரும். வினை மெதுவாக நடப்பதால் அவசரப்பட்டுப் பயன்படுத்தினால் கட்டுப்பாட்டின் எண் நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருக்கும்.

மறுநாள் எத்தனாலிலோ பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபரிலோ நீர்த்து, 734 நானோமீட்டரில் 0.70-க்குக் கொண்டுவாருங்கள். 0.02 கூடலாம், குறையலாம். அதில் 1 மி.லி.க்குச் சாறு 10 மைக்ரோலிட்டர், 6 நிமிடம் கழித்துப் படிப்பு. நீர்ச்சாறுக்கும் நிறமுள்ள சாறுக்கும் டிபிபிஎச்-ஐவிட இதுவே வசதி. 734-ல் இலைப்பச்சையமும் ஆந்தோசயனினும் குறுக்கிடுவது மிகக் குறைவு.

ஃப்ராப் சோதனைக்கு என்ன வேண்டும்?

1996-ல் பென்சியும் ஸ்ட்ரெய்னும் வெளியிட்ட முறை. பிஎச் 3.6 உள்ள 300 மில்லிமோலார் அசிட்டேட் பஃபர் (சோடியம் அசிட்டேட் டிரைஹைட்ரேட் 3.1 கிராம், கிளேசியல் அசிட்டிக் அமிலம் 16 மி.லி., ஒரு லிட்டர் வரை நீர்), 40 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த 10 மில்லிமோலார் டிபிடிசெட் (இரும்பு (2)-ஓடு சேர்ந்து நீலமாகும் பொருள்), 20 மில்லிமோலார் ஃபெரிக் குளோரைடு. இவற்றை 10:1:1 என்ற பங்கில் அன்றைக்கே கலந்து, 37 டிகிரியில் வைத்துப் பயன்படுத்துங்கள். இரும்பு (3) இரும்பு (2) ஆகும்போது நீலம் வரும், 593 நானோமீட்டர்.

மாதிரி சேர்க்கும் முன்பே கலவை நீலம் காட்டினால் பாத்திரத்தில் அழுக்கு. நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள். குளுட்டத்தயோன் போன்ற தயோல்கள் இதில் சரியாகத் தெரியாது. இடிடிஏ சேர்ந்த மாதிரியும் இதற்கு ஆகாது, இரும்பை அது பிடித்துக்கொள்ளும்.

ஒரே ஒரு சோதனை போதுமா? மூன்றும் ஒத்துப்போனால் அது வலுவான ஆதாரம்தானே?

ஃபோலின், டிபிபிஎச், ஏபிடிஎஸ், ஃப்ராப் நான்கும் பெரும்பாலும் எலக்ட்ரான் கைமாறுவதையே பார்க்கின்றன. பீனாலிக் அளவுக்கும் ஃப்ராப் எண்ணுக்கும் 0.95 ஒட்டுறவு கிடைத்தது என்று எழுதி, ஆகவே திறனுக்குக் காரணம் பீனால்களே என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் ஒரே பதில் வருவதில் வியப்பில்லை. வேறு கோணம் வேண்டுமானால் ஓராக்: ஏஏபிஎச் என்ற பொருள் 37 டிகிரியில் பெராக்சில் ராடிக்கல்களை உண்டாக்க, ஃப்ளோரசின் என்ற சாயத்தின் ஒளிர்வு மங்குவதை எவ்வளவு நேரம் சாறு தள்ளிப்போடுகிறது என்று பார்ப்பது. அதற்கு வெப்பம் காக்கும் ஃப்ளோரசன்ஸ் கருவி வேண்டும்.

தரக்கட்டுப்பாட்டுக்கு என்றால் ஃபோலினும், டிபிபிஎச் அல்லது ஏபிடிஎஸ் ஒன்றும் போதும்.

96 குழித் தட்டில் செய்தால்?

ஃபோலினுக்குச் சாறு 20, நீர்த்த ஃபோலின் 100, 7.5 சதவீத கார்பனேட் 80 மைக்ரோலிட்டர். ஒளி கடக்கும் தூரம் 1 செ.மீ. இல்லை என்பதால் குவெட்டில் போட்ட கோட்டைத் தட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு தட்டிலும் காலிக் அமிலம் இருக்க வேண்டும். ஓரக் குழிகள் சீக்கிரம் ஆவியாகும், மெத்தனாலில் இன்னும் மோசம். ஓர வரிசையில் நீரை நிரப்பிவிட்டு உள்ளே வேலை செய்யுங்கள். ஒரு குமிழி போதும், அந்தக் குழியின் எண் தாறுமாறாகிவிடும்.

எத்தனை தடவை செய்தால் போதும்?

மூன்று தனித்தனிப் பிரிப்புகள். ஒரே சாற்றை மூன்று குழாயில் ஊற்றிப் படிப்பது பிப்பெட்டின் சோதனைதான். மூலிகையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மூன்று பிரிப்புகளிடையே சார்பு விலக்கம் 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். தாண்டினால் பெரும்பாலும் குற்றவாளி அரைப்பும் சலிப்பும்தான்.

ஆன்டிஆக்ஸிடன்ட் எண் உயர்ந்த மருந்து உடம்புக்கு அதிக நன்மை தருமா?

அந்த எண்ணிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. சோதனைக் குழாயில் இருக்கும் பாலிஃபீனால் குடலில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது, கல்லீரலில் எப்படி மாறுகிறது, இரத்தத்தில் எந்த வடிவில் இருக்கிறது என்பதெல்லாம் வேறு கதை. அமெரிக்க வேளாண் துறை தான் வைத்திருந்த ஓராக் எண்களின் தரவுத்தளத்தை 2012-ல் நீக்கியதற்கு இதுவே காரணம்: அந்த எண்கள் விளம்பரத்தில் தவறாகப் பயன்பட்டன, உடல்நல விளைவோடு அவற்றுக்கு நிரூபிக்கப்பட்ட தொடர்பும் இல்லை.

இந்தச் சோதனைகள் நன்றாகச் செய்யும் வேலை வேறு. போன தொகுதியில் கிராமுக்கு 38, இந்தத் தொகுதியில் 24 என்றால், சேமிப்பிலோ உலர்த்துவதிலோ மூலப்பொருளிலோ ஏதோ மாறிவிட்டது என்று அரை நாளில் சொல்லிவிடும்.

கலப்படத்தை இதில் பிடிக்கலாமா?

எண் திடீரென விழுந்தால் சந்தேகப்படலாம். ஆனால் மட்டமான பொடியில் கொஞ்சம் டானிக் அமிலத்தைத் தூவினால் எண் கம்பீரமாக ஏறிவிடும். ஃபோலினுக்கு அது தெரியாது. எச்பிடிஎல்சி தட்டில் (பொருள்களைப் பட்டைகளாகப் பிரிக்கும் மெல்லிய படலத் தட்டு) சாற்றை ஓட்டி, உலர்த்தி, 0.2 சதவீத டிபிபிஎச் மெத்தனால் கரைசலில் முக்கினால் ஊதாப் பின்னணியில் எலக்ட்ரான் கொடுக்கும் பட்டைகள் வெளிர் மஞ்சளாகத் தெரியும். அசல் மூலிகையின் தட்டோடு பக்கத்தில் வைத்தால், இருக்கக் கூடாத ஒரு தடித்த பட்டை கண்ணில் படும்.

கழிவை எங்கே ஊற்றுவது?

தொட்டியில் வேண்டாம். ஃபோலின் கழிவில் டங்ஸ்டனும் மாலிப்டினமும் உண்டு. உலோகக் கழிவுக் கேனில் சேர்க்க வேண்டும். மெத்தனால் கலந்த டிபிபிஎச் கழிவு தீப்பற்றும் கரைப்பான் கேனுக்கு. இரண்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். பிரித்து அகற்றுவது பிறகு பெரும்பாடாகிவிடும். அசிட்டோன் சாறு வைத்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று: பாலிஸ்டைரின் குவெட்டில் அதை ஊற்றினால் சுவர் பனிமூட்டம் போட்டதுபோல் மங்கிவிடும், அன்றைய படிப்புகளும் அதோடு போகும். கண்ணாடியையே எடுங்கள்.